5ம − ந + 8: இதில் ந-வின் கெழு ஏன் 0 இல்லை?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். கொஞ்சம் தேயிலை இருக்கிறது, அதுதான் வருமானம். மகள் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. இயற்கணிதத்தில் உறுப்பு, கெழு, மாறி, மாறிலி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறாள். 5ம − ந + 8 மாதிரி ஒரு கோவையைக் கொடுத்து, ந-வின் கெழு என்ன என்று கேட்டதற்கு 0 என்று எழுதியிருக்கிறாள். கேட்டால், “அங்கே எண்ணே இல்லையேம்மா” என்கிறாள். நான் பத்தாவதோடு நின்றவள். வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?

பதில்:

அம்மா, உங்கள் மகள் சொன்ன காரணம் பொய் இல்லை. அங்கே எண் எதுவும் எழுதப்படவில்லைதான். எழுதாததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். குன்னூர் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் நாலைந்து பிள்ளைகளாவது இந்த 0-வை எழுதுவார்கள். அதில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு.

புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று ஆங்கில எழுத்து இருக்கும். நீங்கள் தமிழ் எழுத்தில் கேட்டிருப்பதால் நானும் அப்படியே போகிறேன். எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு மாறாது. க, உ போன்ற எழுத்துகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பழைய தமிழ் எண்களில் க என்றால் 1, உ என்றால் 2. தாத்தா காலத்துப் பத்திரம் எதையாவது பிள்ளை பார்த்திருந்தால் வேறு குழப்பம் வரும்.

இனி அந்த 0. கெழு என்றால் எழுத்தோடு சேர்ந்து நின்று அதைப் பெருக்கும் எண். நாளைக்குக் கடைவீதிக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். “கிலோ கேரட் கொடுங்க” என்று கேளுங்கள். கடைக்காரர் எத்தனை கிலோ போடுவார்? ஒன்று. ‘ஒரு கிலோ’ என்று நீங்கள் சொல்லவே இல்லை. அரைக் கிலோ வேண்டுமென்றால் ‘அரை’ என்று சொல்லியாக வேண்டும், மூன்று வேண்டுமென்றால் ‘மூணு’ என்று சொல்லியாக வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லத் தேவையில்லை. இயற்கணிதத்திலும் இதே பழக்கம்தான். வெறும் ந என்று நின்றால் அது 1ந. முன்னால் கழித்தல் குறி இருந்தால் −1ந. ஆகவே அந்தக் கணக்கில் ந-வின் கெழு −1.

அப்படியானால் 0 எப்போது வரும்? கேரட்டே வாங்காதபோது. 0 கிலோ வாங்கினால் சீட்டில் கேரட் என்ற வரியே இருக்காது. கோவையில் ந கண்ணில் படுகிறது என்றாலே அதன் கெழு 0 இல்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். 5ம + 8 என்ற கோவையில் ந-வின் கெழு என்ன என்று கேட்டால்தான் 0 சரியான விடை.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இருந்த இரண்டாம் பாஸ்கரர் போன்ற நம் பழைய கணித அறிஞர்கள் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர் வைத்தார்கள். முதல் தெரியாத எண்ணுக்கு மட்டும் ‘யாவத்தாவத்’ என்று பெயர்; எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். அடுத்தது காலகம், அதாவது கருப்பு. அதற்கடுத்தது நீலகம், நம் மலையின் நிறம். முழுப் பெயரையும் எழுதாமல் யா, கா, நீ என்று முதல் எழுத்தை மட்டும் போட்டு, பக்கத்தில் கெழுவை எழுதுவார்கள். எழுத்து எதுவும் சேராத வெறும் எண்ணுக்கு ‘ரூ’ என்று குறி. ரூபாய் இல்லை, ரூபம். கழிக்க வேண்டிய எண்ணின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். உங்கள் மகளின் கணக்கை அவர்கள் எழுதியிருந்தால் ‘யா 5 கா 1 ரூ 8’ என்று எழுதி, அந்த 1-இன் மேல் புள்ளி வைத்திருப்பார்கள். கெழு 1 என்றாலும் எழுதுவார்கள். சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் வரிசையாக அடுக்கும்போது 0 என்றாலும் எழுதுவார்கள். அந்த முறையில் படித்திருந்தால் உங்கள் மகள் இந்தக் கேள்வியில் தவறியிருக்க வழியே இல்லை. எக்ஸ், ஒய் எழுதும் இன்றைய பழக்கம் பிரான்ஸ் நாட்டு டெகார்ட் 1637இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவியது. எழுதுவதற்குச் சுருக்கமான முறை. ஆனால் சுருக்கத்துக்காக விட்டதை எல்லாம் படிக்கிறவர் மனதில் நிரப்பிக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அதுதான் சிரமம்.

சரி, பெயர்களுக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் ‘கோவை’ என்று சொன்னால் மேட்டுப்பாளையம் தாண்டி இருக்கும் ஊர்தான் நினைவுக்கு வரும். இந்தக் கோவை ‘கோத்தல்’ என்பதிலிருந்து வந்தது. பூக்கோவை, மணிக்கோவை என்கிறோமே, அது. கோத்திருக்கும் ஒவ்வொரு மணியும் ஓர் உறுப்பு. கெழு என்பது ‘கெழுமுதல்’ என்ற பழைய சொல்லின் உறவு. நெருங்கிச் சேர்ந்திருப்பது என்று பொருள். எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் எண் கெழு. மாறி, பெயரிலேயே இருக்கிறது, மதிப்பு மாறக்கூடியது. மாறிலி என்பது மாறு + இலி, மாற்றம் இல்லாதது; எழுத்து எதுவும் சேராமல் தனியே நிற்கும் எண். தமிழ் வழியில் படிக்கிறாள் என்பதால் உங்கள் மகளுக்கு ஒரு வசதி: இந்தச் சொற்கள் தங்களைத் தாங்களே விளக்கிக்கொள்ளும். மனப்பாடம் செய்ய வைத்து அந்த வசதியைக் கெடுத்துவிடுகிறோம்.

முதலில் உறுப்புகளைப் பிரிக்கப் பழக்குங்கள். கெழுவைப் பிறகு பார்க்கலாம். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே, குறிக்கு முன்னால், பென்சிலால் ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள். குறிக்குப் பின்னால் கிழித்தால் அனர்த்தம். 5ம | − ந | + 8. மூன்று துண்டு: 5ம, −ந, 8. குறி, தனக்குப் பின்னால் வரும் உறுப்பின் சொத்து. முதல் உறுப்புக்கு முன்னால் குறி இல்லையென்றால் அது கூட்டல்.

இதை நம்பாத பிள்ளைக்கு எண் போட்டுக் காட்ட வேண்டும். ம = 4, ந = 3 என்று வையுங்கள். 20 − 3 + 8 = 25. இப்போது துண்டுகளை இடம் மாற்றி 8 − ந + 5ம என்று எழுதினால் 8 − 3 + 20, அதுவும் 25. குறியை அதன் உறுப்போடு எடுத்துப் போனதால் விடை மாறவில்லை. குறிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உறுப்புகளை மட்டும் மாற்றி 8 − 5ம + ந என்று எழுதினால்? 8 − 20 + 3, அதாவது −9. இந்த ஒரு கணக்கைப் பிள்ளை தன் கையால் செய்துவிட்டால் போதும், பிறகு குறியைத் தொலைக்க மாட்டாள். இதே காரணத்தால்தான் 5ம − 8 என்பதில் மாறிலி 8 இல்லை, −8.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறியில் கோடு போடக் கூடாது. மூன்று பேர் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறார்கள், ஆளுக்கு டிக்கெட் ம ரூபாய், ஆளுக்கு ஒரு டீ 15 ரூபாய் என்றால் செலவு 3(ம + 15). அப்படியே பார்த்தால் அது ஒரே துண்டு, மூன்றால் பெருக்கிய ஒரு பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தால் 3ம + 45, இரண்டு உறுப்பு. தேர்வில் எந்த வடிவத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எண்ண வேண்டும்.

இனி நான் செய்த ஒரு தவறு. ஆரம்ப வருடங்களில், அ என்றால் ஆப்பிள், ப என்றால் பலாப்பழம் என்று சொல்லிக் கொடுத்தேன். 3அ + 2ப-வைக் கூட்ட முடியாது, ஏனென்றால் ஆப்பிள் வேறு, பலா வேறு. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ‘அப’ என்ற உறுப்பு வந்தது. பின் பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து, “ஆப்பிளையும் பலாவையும் எப்படி சார் பெருக்குறது?” என்றான். என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது சரி, நான் சொல்லிக் கொடுத்ததுதான் தவறு.

எழுத்து என்பது பொருள் இல்லை, ஓர் எண். எனக்குத் தெரிந்து பிள்ளைகளின் முக்கால்வாசிக் குழப்பம் இதைச் சொல்லாமல் விடுவதில்தான் தொடங்குகிறது. கடைக்கணக்கையே எடுங்கள். கேரட் 3 கிலோ, உருளைக்கிழங்கு 2 கிலோ, ஒரு பை 10 ரூபாய். கேரட்டின் விலை நேற்று ஒன்று, இன்று ஒன்று. மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் எப்படிப் போகிறதோ அப்படி. அதனால் கேரட்டின் கிலோ விலையை ம என்கிறோம், கிழங்கின் கிலோ விலையை ந என்கிறோம். மொத்தம் 3ம + 2ந + 10. இங்கே ம கேரட் இல்லை. 3ம என்றால் மூன்று கேரட்டும் இல்லை, மூன்று கிலோ கேரட்டும் இல்லை. மூன்று கிலோவின் விலை. ம = 60, ந = 40 என்றால் 180 + 80 + 10 = 270 ரூபாய். மறுநாள் கேரட் 45-க்கு இறங்கினால் 225. இரண்டு நாளும் 3, 2, 10 மூன்றும் அசையவில்லை. அசைந்தது ம மட்டும்.

மாறி எது என்பது எழுத்தின் குணம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். விலை மாறாமல் கிலோ 40 ரூபாய் என்று நிற்கிறது, எத்தனை கிலோ வாங்குவோம் என்பதுதான் தெரியாது என்றால், அந்த எத்தனை கிலோவை ந என்று வைத்து 40ந என்று எழுதுவோம். முன்பு எடை கெழுவாக இருந்தது, இப்போது விலை கெழு ஆகிவிட்டது. எது மாறுகிறதோ அதற்கு எழுத்து. பிள்ளை ஒரு கோவையைப் பார்த்தால், “இந்த எழுத்து எந்த எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது?” என்று முதலில் கேட்கப் பழக வேண்டும்.

3ம-வில் பெருக்கல் குறியை எழுதவில்லை என்பதும் ஒரு கண்ணி. ம = 5 என்றதும் 35 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. எண்ணும் எண்ணும் அடுத்தடுத்து நின்றால் பத்தும் ஒன்றும். எண்ணும் எழுத்தும் நின்றால் பெருக்கல். 3ம என்பது 15.

உங்கள் வீட்டுத் தொழிலிலேயே இரண்டு எழுத்து சேர்ந்த உறுப்பு இருக்கிறது. பச்சைத் தேயிலை கிலோ ம ரூபாய். இன்று பறித்த கொழுந்து மூன்று மூட்டை, ஒவ்வொன்றும் ந கிலோ. ஏற்கெனவே வாங்கிய முன்பணம் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 3மந − 500. உறுப்பு இரண்டு, மாறி இரண்டு, மாறிலி −500. ‘கெழு என்ன?’ என்று மொட்டையாகக் கேட்டால் எண் கெழு 3 என்று சொல்லலாம். ஆனால் ‘ந-வின் கெழு என்ன?’ என்று கேட்டால் விடை 3ம. ‘ம-வின் கெழு?’ 3ந. எதைக் கேட்கிறார்களோ அதைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சம் எது என்று பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் கெழு. இதற்கு வீட்டில் ஓர் அர்த்தமும் உண்டு. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கிலோ கூடினால், அதாவது ந ஒன்று கூடினால், பணம் எவ்வளவு கூடும்? மூன்று மூட்டைக்கும் சேர்த்து 3ம ரூபாய். ஒன்று கூடினால் மொத்தம் எவ்வளவு அசையும் என்பதைத்தான் கெழு சொல்கிறது.

அப்படிப் பார்த்தால் கழித்தல் கெழுவும் பயமுறுத்தாது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே வரும், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி என்று கணக்கு. மேட்டுப்பாளையத்தில் வெப்பம் ம டிகிரி, அங்கிருந்து ல கிலோமீட்டர் உயரம் ஏறினால் ம − 6.5ல. ல-வின் கெழு −6.5. ஒரு கிலோமீட்டர் கூடினால் 6.5 குறையும், அதனால்தான் கழித்தல். ம-வின் கெழு? எழுதவில்லை, ஆக 1. மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர் உயரே இருக்கிறது. கீழே 32 என்றால் 32 − 12.35, சுமார் 20 டிகிரி. மழையும் மூடுபனியும் இந்தக் கணக்கைக் கலைக்கும், ஆனால் பஸ்ஸில் ஏறி இறங்கிய யாருக்கும் இது நம்பக்கூடிய எண்தான்.

பின்னக் கெழுவுக்கு மலை ரயில் இருக்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம். செங்குத்தான இடங்களில் சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. ம மீட்டர் போனால் ஏறிய உயரம் ம/12. கெழு 12 என்று பாதி வகுப்பு எழுதும். ஒரு மீட்டர் போனால் 12 மீட்டர் ஏறுகிற ரயில் எங்கே இருக்கிறது? கெழு 1/12.

அடுக்கைப் பற்றிக் கொஞ்சம். பக்கம் ம மீட்டர் உள்ள சதுரத் தோட்டம். காட்டெருமை வராமல் சுற்றிலும் வேலி போட்டால் 4ம மீட்டர். உள்ளே இருக்கும் நிலம் ம² சதுர மீட்டர். ஒன்றில் 4 ம-வைப் பெருக்குகிறது, அது கெழு. இன்னொன்றில் சின்னதாக மேலே நிற்கும் 2, ம-வைத் தன்னோடு தானே பெருக்கச் சொல்கிறது, அது அடுக்கு; அங்கே கெழு 1. 3ம² என்றால் அடுக்கு ம-வுக்கு மட்டும்தான். ம = 4 என்றால் 3 × 16 = 48. 12-ஐ வர்க்கப்படுத்தி 144 எழுதுவது தவறு.

வேலியின் நீளத்தையும் நிலத்தின் பரப்பையும் கூட்ட முடியாது. அதுபோல 4ம-வும் ம²-உம் ஒத்த உறுப்புகள் இல்லை. எழுத்தும் அதன் அடுக்கும் அப்படியே ஒன்றாக இருந்தால்தான் ஒத்த உறுப்பு. 2ம + 5ம = 7ம. 2ம + 5ந அப்படியே நிற்கும்; 7மந என்று ஒட்டவைக்கக் கூடாது, ம = 1, ந = 2 போட்டுப் பார்த்தால் 12-ம் 14-ம் வரும். மந, நம இரண்டும் ஒத்தவைதான், பெருக்கலில் எது முன்னால் என்பதில் ஒன்றும் இல்லை.

ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்புக் கோவை என்ற பெயர்களுக்கெல்லாம் தனியாக நேரம் செலவிட வேண்டாம். கோடு போடத் தெரிந்தால் எண்ணிச் சொல்லிவிடுவாள். சமக்குறி இருந்தால் அது சமன்பாடு, கோவை இல்லை; அதையும் ஒரு வரியில் சொன்னால் போதும்.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒன்று: 4மந − ந² + ம/2 − 7. முதலில் பென்சில் கோடு, அப்புறம் கேள்வி. உறுப்புகள் எத்தனை, ந²-இன் கெழு என்ன, ம/2 என்ற உறுப்பில் ம-வின் கெழு என்ன, மாறிலி எது, முதல் உறுப்பில் ந-வின் கெழு என்ன? விடைகள் உங்களுக்கு மட்டும்: நான்கு, −1, 1/2, −7, 4ம. இரண்டாவது கேள்விக்கு மறுபடி 0 என்று எழுதினால் திட்டாதீர்கள். கடைக்கு அனுப்பி ‘கிலோ கேரட்’ வாங்கி வரச் சொல்லுங்கள்.